மச்சினன் எடுத்துவிட்ட கேள்வி

அன்று அந்த ஹாலில் இருந்தவர்களை வரிசையாகச் சொல்கிறேன். டிஸ்பென்சரியை நடத்தும் கன்னியாஸ்திரி, சிஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், பெயர் பதிகிற மேசையில். மருந்து எடுத்துத் தரும் அம்மா, கம்பி ஜன்னலுக்குப் பின்னால். சர்க்கரை மாத்திரைக்கு வந்த பெரியவர். காய்ச்சலில் சுருண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண். அவள் புருஷன், ஆட்டோக்காரர், காக்கிச் சட்டை, கையில் போன். கடைசி பெஞ்சில், விற்றுத் தீர்ந்த மீன்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா. கீழே ஆறு பேர். ஏணி மேல் நான், நின்றுபோன ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் மச்சினன் அங்கே இல்லை. அவன் வேலை அங்கே இருந்தது. மூலையில் ஓர் அலமாரி. அதற்குள் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு.

மச்சினன் என் மனைவியின் தம்பி. என்னைவிடப் பதினேழு வயது சின்னவன். டி. நகரில் ஒரு ஜவுளிக் கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. மத்தியானம் மூன்று மணிக்கு அது முடியும். பிறகு மயிலாப்பூரில் ஒரு பாத்திரக் கடையின் மாடி அறையில் உட்கார்ந்து இன்னொரு வேலை செய்வான். அதற்குச் சம்பளம் கிடையாது. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரை ஓட்டுகிற சிஸ்டம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சின்னப் பள்ளிக்கூடம், சின்ன ஆபீஸ் இவற்றுக்கு ஏற்றபடி அதைத் தொகுத்துக் கொடுக்கிற ஒரு குழு இருந்தது. பல ஊர்க்காரர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அந்தக் குழுவில் சர்வர் புரோகிராம்களைப் பேக்கேஜாகக் கட்டித் தருவது என் மச்சினன் பொறுப்பு. புரோகிராமை எழுதுகிறவர்கள் வேறு எங்கோ இருப்பார்கள். அதை அப்படியே கொண்டுவந்து வைத்தால் ஓடாது. எந்த ஃபைல் எங்கே போய் உட்கார வேண்டும், எது வந்த பிறகு எது வர வேண்டும், மெஷினைப் போட்டதும் தானாக எழுந்திருக்க வேண்டுமா, கூப்பிட்டால் எழுந்தால் போதுமா, எல்லாவற்றையும் முடிவு செய்து ஒரே கட்டாகக் கட்ட வேண்டும். வாங்குகிறவர் பிரித்தால் போதும். "ஊருக்கெல்லாம் மூட்டை கட்டித் தர்றான், அவன் துவைச்ச துணி ஒரு வாரமா நாற்காலியில கெடக்கு" என்பாள் என் மனைவி. அவன் சட்டையை அந்த நாற்காலியிலிருந்து எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு கிளம்புவான்.

நான் எட்டாவது வரை படித்தவன். வயர்மேன். வீட்டு வயரிங், கடை வயரிங், முப்பது வருடமாக. கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அவன் என்னைப் பிடித்தான். புதிதாக ஒரு பேக்கேஜ் கட்டினால், ஒரு பழைய மெஷினைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவான். நாற்காலியில் உட்காரவைப்பான். "மாமா, என்டர் மட்டும் அடிங்க. வேற எதையும் தொடாதீங்க" என்பான். நான் அடிப்பேன். அவன் ஜன்னல் பக்கம் போய் நிற்பான். திரையில் ஏதாவது கேள்வி வந்து நான் கை எடுத்தால் அவன் முகம் சுருங்கிவிடும். அந்தக் கேள்வியை ஒரு காகிதத்தில் எழுதுவான். அந்தக் காகிதம் சுவரில் ஒட்டியிருந்தது. அடுத்த முறை அந்தக் கேள்வி வராதபடி செய்துவிட்டு, அதன் மேல் கோடு போடுவான். அவன் அடிக்கடி சொல்கிற சொல் டீஃபால்ட். நான் புரிந்துகொண்டபடி சொன்னால், யாரும் எதையும் தொடாவிட்டால் ஒரு சாமான் எப்படி இருக்குமோ அது. "முக்கால்வாசிப் பேர் எதையும் தொட மாட்டாங்க மாமா. நான் எப்படி வெச்சு அனுப்பறேனோ அப்படியேதான் சாகற வரைக்கும் ஓடும். அதனால நான்தான் அவங்களுக்கும் சேர்த்து யோசிக்கணும்." அவன் பேசியதில் எனக்கு ஒழுங்காக நினைவிருக்கும் நீளமான பேச்சு இது ஒன்றுதான். மற்றபடி அவனும் என்னைப் போலத்தான். இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் முழுக்க ஒரே அறையில் உட்கார்ந்து பத்து வார்த்தை பேசியிருப்போம். அது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

அவன் பேக்கேஜை ஏற்றிய கறுப்புப் பெட்டிகளை இடத்துக்கு இடம் கொண்டுபோய் வைக்கிற வேலையும் என்னிடம் வந்தது. எப்படியும் நான்தான் அந்த இடங்களுக்கு ஒயர் இழுப்பேன். கூடவே பெட்டியையும் வைத்து, என்டர் அடித்துவிட்டு வருவேன். அடையாறில் ஓர் அச்சுக்கடை. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் ஆபீஸ். இரண்டு டியூஷன் சென்டர். இப்படி. அந்த அச்சுக்கடையில்தான் அந்தக் கேள்வி வந்தது. அது ஒரே ஃபோல்டரை எல்லாக் கம்ப்யூட்டரிலும் திறந்து வேலை செய்யவைக்கிற சர்வர். நான் வரிசையாக என்டர் அடித்துக்கொண்டு வந்தேன். இரண்டு கட்டத்தோடு இங்கிலீஷில் ஏதோ வந்து நின்றது. போன் போட்டேன்.

"ஏதோ கேக்குது."

"இன்னா கேக்குது மாமா?"

"ரெண்டு கட்டம் இருக்கு. எதை அடிக்கறது?"

எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னேன். அந்த ஃபோல்டரை யார் திறக்கலாம், பெயர் கொடுத்தவர்கள் மட்டுமா, எல்லாருமா என்பது கேள்வி. பின்னால் நின்ற கடைக்காரர், "எல்லாரும்னே போடுங்க, பேரு கீருன்னா எனக்கு மறந்துடும்" என்றார். அப்படியே போட்டேன். அன்று சாயங்காலம் மாடிக்குப் போனபோது அந்தக் கேள்வி சுவரில் இருந்தது. அடுத்த வாரம் அதன் மேல் கோடு விழுந்துவிட்டது. கேள்வியை எடுத்துவிட்டான். பதில் மட்டும் உள்ளே நின்றது. எல்லாரும். அதற்குப் பிறகு நான் எங்கிருந்தும் போன் செய்ய வேண்டிவரவில்லை. சுவரில் இருந்த எல்லாக் கேள்வியும் அடிபட்டிருந்தது. அவன் அதை அடிக்கடி பார்த்துக்கொள்வான். எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

டிஸ்பென்சரிக்கு வைத்த பெட்டி ஒன்பதாவது. சாந்தோம் பக்கம், பெயர் வேண்டாம். சீட்டு மேசை, டாக்டர் அறை, மருந்து ஜன்னல் என்று மூன்று கம்ப்யூட்டர். மூன்றும் ஒரே ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடிந்தது. சிஸ்டர் பேப்பர் நோட்டையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினார். "இனிமே கை வலிக்காதுப்பா" என்றார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்தின் சுவர் தடிமன். உள்ளே போனில் சிக்னல் வராது. காத்திருக்கிற ஜனங்கள் வீட்டுக்குப் பேச வேண்டுமே என்று சிஸ்டர் வைஃபை பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். நல்ல மனதோடு செய்தது. பெட்டி வைத்த அன்று நானும் அதைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அன்று, நான் ஏணி மேல் இருந்தபோது, ஆட்டோக்காரர் அந்தப் பாஸ்வேர்டைப் போட்டுப் பொழுது போகாமல் போனை நோண்டிக்கொண்டிருந்தார். ஏதோ படம் தேடினார் போலிருக்கிறது. திடீரென்று சிரித்தார்.

"சிஸ்டர், இன்னா இது? நான் படம் தேடினா உங்க ரிஜிஸ்டர் வந்து குந்திக்கினு கீது."

சிஸ்டருக்குப் புரியவில்லை. "எந்த ரிஜிஸ்டர்?"

"தோ, பேரெல்லாம் கீது பாருங்க. பெருசு, உன் பேரும் கீது. சக்கரைன்னு போட்டுக்கீது."

"ஊருக்கே தெரியும்டா, போடா" என்றார் பெரியவர். அவரும் சிரித்தார். காய்ச்சல்காரப் பெண்கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் வேகத்தில் ஆட்டோக்காரர் அடுத்த பெயரையும் படித்துவிட்டார். பக்கத்தில் இருந்ததையும் படித்தார். "டி.பி." படித்து முடித்த பிறகுதான் அது யார் பெயர் என்று அவருக்கே உறைத்தது. தலையைத் தூக்கிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். ஒரே தெருக்காரர்கள். அந்த அம்மா எழுந்தார். கூடையை எடுத்துக்கொண்டார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். போய்விட்டார். மாத்திரை வாங்கவில்லை.

இதை எழுதும்போது சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எவை என்று சொல்ல மாட்டேன்.

நான் ஏணியிலிருந்து இறங்கினேன். அலமாரியைத் திறந்து பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். பச்சை விளக்கு போய்விட்டது. "என்னப்பா பண்ற, பேர் பதியணுமே" என்றார் சிஸ்டர். "நோட்டை எடுங்க சிஸ்டர்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆட்டோக்காரர் கையிலிருந்த போனைப் பார்த்தார். பீரோ சாவியைத் தேடப் போனார். போகிற வழியில் நின்று, அந்த அம்மா போன வாசலைப் பார்த்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும். அந்த வியாதிக்கு ஆறு மாதம் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் மாத்திரை வேலை செய்யாமல் போய்விடும், பிறகு காப்பாற்றுவது கஷ்டம். அந்த அம்மா இரண்டு மாதம் முடித்திருந்தார். அவரால் இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஆனால் தெருவுக்கு அது தெரியாது. டி.பி. என்ற பெயர் விழுந்தால் அவர் கையிலிருந்து ஒரு மீன் விற்காது. அதற்குப் பயந்து மாத்திரைக்கு வராமல் இருந்துவிட்டால் உயிர் போகும். ஃபேனை மாட்டாமலே கிளம்பினேன்.

மயிலாப்பூருக்கு நடந்தே போனேன். அன்று மச்சினனுக்கு லீவு. மாடியில் இருந்தான். டீ குடித்துக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். நாலு வாக்கியம்தான். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"பேரைப் படிச்சாரா?"

"படிச்சாரு."

"சத்தமாவா?"

"சத்தமா."

சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தான். எழுந்து பக்கத்தில் போய் நின்றான்.

"இந்தக் கேள்விய நீங்க கேட்டீங்க மாமா."

"கேட்டேன்."

"நான் எடுத்தேன்."

"எடுத்த."

"எல்லாரும்னு போட்டது நான்."

"அச்சுக்கடையில அடிச்சது நான்" என்றேன். அவன் தலையாட்டவில்லை. அதை அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை, இன்றுவரை. "கடைக்காரர் அவர் கடைக்குச் சொன்னாரு, நான் அத எல்லாக் கடைக்கும் சொல்லிட்டேன்" என்றான். உட்கார்ந்தான். கீழே பாத்திரக் கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகு கேட்டான். "உங்க தொழில்ல இதுக்கு இன்னா பண்ணுவீங்க மாமா?"

அவன் என்னிடம் தொழில் கேட்டது அதுதான் முதல் தடவை. யோசித்துச் சொன்னேன். "வயரிங் முடிச்சா மெயினை ஆஃப்ல விட்டுட்டுத்தான் எறங்குவோம்."

"ஏன்?"

"எந்த ரூம்ல யார் கை எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதே."

"அப்பறம் வீட்டுக்காரர் எப்படிப் போடுவாரு?"

"கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன். இதான் மெயின், இதான் ஒவ்வொரு ரூமுக்குன்னு. அவர் கையாலேயே போடச் சொல்லுவேன்."

"அவர் இல்லன்னா?"

"ஆஃப்லயே கெடக்கும். நாளைக்கு வந்து போட்டுக்கட்டும்."

அவன் பேனாவை எடுத்தான். அடிபட்டுக் கிடந்த அந்தக் கேள்வியை, காகிதத்தின் அடியில், புதிதாகத் தமிழில் எழுதினான். இதை யார் யார் திறக்கலாம், பெயர் சொல்லுங்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி. வெறும் என்டர் அடித்தால்: யாரும் இல்லை. பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டான். நான் டிஸ்பென்சரிக்குத் திரும்பி நடந்தேன். ஃபேன் மாட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டான். பழைய மெஷின் துடைத்து வைத்திருந்தது. உட்கார்ந்து என்டர் அடித்தேன். ஒரு இடத்தில் அந்தத் தமிழ்க் கேள்வி வந்தது. அவன் ஜன்னல் பக்கமே நின்றான். என்டர் அடித்தேன். முடிந்தது. என் போனை எடுத்து, ஆட்டோக்காரர் செய்தது போலத் தேடிப் பார்க்கச் சொன்னான். எப்படித் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவனே வாங்கித் தேடினான். பெட்டி இருப்பதே தெரியவில்லை. "ஒன்னும் வரல" என்றேன். "வரக்கூடாது" என்றான். குழுவில் எங்கோ வேறு ஊரில் இருக்கும் ஒருவர் மறுப்பு எழுதியிருந்தார். இப்படிச் சாத்தி அனுப்பினால் சாதாரண ஜனங்கள் வேலை செய்யவில்லை என்று புகார் சொல்வார்கள், உன் பேக்கேஜுக்குக் கெட்ட பெயர் வரும் என்று. மச்சினன் எழுதிய பதிலை எனக்குப் படித்துக் காட்டினான். சாத்தியிருந்தால் புகார் வரும், வந்தால் திறக்கச் சொல்லித் தரலாம். திறந்து கிடந்தால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், திறந்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பேக்கேஜோடு போகும் குறிப்பில், இந்தப் பதிப்பில் என்ன மாறியது என்று எழுதுகிற இடத்தில், அவன் மூன்று வரி எழுதினான். முந்தைய பதிப்பு எல்லாருக்கும் திறந்திருந்தது. அந்த முடிவு என்னுடையது. அது தவறு.

இருந்த இடத்திலிருந்தே ஒன்பது பெட்டியையும் ஒரே நாளில் சாத்திவிட முடியும், அப்டேட் என்று ஒன்று அனுப்பினால் போதும் என்று சொன்னான். அப்படிச் செய்தால் காலையில் கடை திறப்பவர்கள் ஃபோல்டர் வரவில்லை என்று திண்டாடிப் போவார்கள். அதனால் இரண்டு நாள் லீவு போட்டான். என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு இடமாக வந்தான். முதலில் டிஸ்பென்சரி. சிஸ்டரை உட்காரவைத்தான். யார் யார் திறக்கலாம் என்று கேள்வி வந்தது. சிஸ்டர் மூன்று பெயர் அடித்தார். பாஸ்வேர்டு அடிக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். சுவரில் வைஃபை காகிதம் இருந்தது. அதைச் சிஸ்டர் கிழிக்கவில்லை. ஜனங்களுக்கு வேறு வைஃபை, ஆபீஸுக்கு வேறு வைஃபை என்று அவன் பிரித்துக் கொடுத்தான். பிறகு டி. நகரில் வேறு ஒரு ஜவுளி குடோன், தெற்கத்திக்காரர் ஒருவருடையது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்லாத்தானய்யா ஓடிட்டு இருந்துச்சு. இப்ப எதுக்குப் போட்டு நோண்டுதிய?"

"திறந்து கெடந்துச்சு சார். யாரு வேணா உங்க ஸ்டாக் லிஸ்ட்டப் பார்த்திருக்கலாம்."

"யாரு தொறந்து வச்சது?"

"நான் சார்."

அவர் அப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. "சரி, உக்காரு. காப்பி சாப்பிடுதியா?" என்றார். சாப்பிட்டோம். ஒன்பது இடத்திலும் அவன் அதே பதிலைத்தான் சொன்னான். அச்சுக்கடைக்காரர் மட்டும், "எனக்குப் பேரு மறந்துடும்னு அன்னைக்கே சொன்னேனே" என்று புலம்பினார். அவர் பெயரையே அவருக்குப் பெயராகப் போட்டுக் கொடுத்தான்.

அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மச்சினன் நினைத்தான். சிஸ்டரிடம் வீடு எங்கே என்று கேட்டான். சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நீங்க போய் நின்னு மன்னிப்புக் கேட்டா எதுக்குன்னு நாலு பேரு கேப்பாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்லுவா அந்தம்மா? பேசாம இருங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். அவன் முகம் சிவந்துவிட்டது. வெளியே வந்து வண்டியில் ஏறும்போது, "இதுவும் திறந்து வெக்கற மாதிரிதான் மாமா" என்றான்.

பேசாமல் இருந்தோம். ஆனால் மீன் வாங்கப் போனோம். நொச்சிக்குப்பத்துக்கு முன்னால் ரோட்டோரம் வரிசையாக விற்பார்கள். ஐந்தாம் நாள் காலை. அந்த அம்மா கடைசியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பலகையிலெல்லாம் கூட்டம். அவர் பலகையில் மீன் அப்படியே இருந்தது. நாங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. ஏணி மேல் இருந்தவனை யார் பார்க்கிறார்கள். மச்சினன் சங்கரா ஒரு கிலோ கேட்டான். அவருக்குக் கை ஓடவில்லை. அன்று முதல் போணி நாங்கள்தான். அப்போது மருந்து எடுத்துத் தரும் அம்மா ஒரு ஒயர்கூடையோடு வந்தார். எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. குனிந்து மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தபடியே ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தைப் பலகையோரம் வைத்தார். மீன்கார அம்மா அதைத் தள்ளிவிட்டார். "அதெல்லாம் எனக்கு எதுக்கு? எடுத்துக்கினு போ." மருந்தம்மா இரண்டு வஞ்சிரம் துண்டு கேட்டார். வாங்கிக்கொண்டு போனார். பொட்டலம் அங்கேயே கிடந்தது.

நாங்கள் கிளம்புகிற நேரத்துக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. அந்த ஆட்டோக்காரர். கூட்டத்தைப் பார்த்தார். ஆள் இல்லாத அந்தக் கடைசிப் பலகையைப் பார்த்தார். உரக்கக் கூப்பிட்டார்.

"யக்கா, எனக்கு ஒரு கிலோ போடு. பெருசா பாத்துப் போடு."

பக்கத்துப் பலகைக்காரி சும்மா இருப்பாளா? "இன்னா நைனா, நீதான டி.பி.ன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு வந்த?" என்றாள்.

"நானா? நான் இன்னாத்தக் கண்டேன். படிச்சது மூணாங்கிளாஸு. போன மாசம் எம்பொண்டாட்டி ஆஸ்பத்திரிச் சீட்டப் படிச்சிட்டு, புள்ள உண்டாயிட்டான்னு ஸ்வீட்டு வாங்கிக்கினு ஓடினேன். பாத்தா குடல் புண்ணாம். என்னைப் போயி படிக்கச் சொன்னா?"

மீன்கார அம்மா தலையைத் தூக்கினார். அவர் கண்ணில் முதலில் கோபம் இருந்தது. பிறகு அது மாறியது. என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"படிக்கத் தெரியாத மூஞ்சிக்குப் போனு ஒரு கேடு! அவன் பொண்டாட்டிக்கே இன்னா வியாதின்னு தெரியல, என் வியாதியச் சொல்ல வந்துட்டான். மூடிக்கினு வண்டிய ஓட்டு நைனா!"

"ஓட்டறேன், மீனக் குடு."

"உனக்குத் தலை மட்டும்தான். அதான் உனக்கு இல்லாதது."

ரோட்டோரம் முழுவதும் சிரித்தது. சிரித்தவர்களில் இரண்டு பேர் அந்தப் பலகைக்கு நகர்ந்தார்கள். ஒருத்தி சங்கராவைக் கையில் எடுத்தாள். ஆட்டோக்காரர் போகும்போது என்னைப் பார்த்தார். அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. நானும் பார்த்தேன். அவ்வளவுதான். திரும்பியபோது பலகையோரத்தில் பொட்டலம் இல்லை. காற்றில் போயிருக்கலாம். அந்த அம்மா இடுப்புச் சுருக்கில் எதையோ செருகிக்கொண்டிருந்தார். மச்சினன் என்னைப் பார்த்தான். நான் வண்டியைக் கிளப்பினேன். வீட்டில், "எதுக்கு இவ்ளோ மீன்?" என்று கேட்டாள் மனைவி. "மலிவா இருந்துச்சு" என்றான் அவள் தம்பி. அதன் பிறகு வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் மீன்.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. மச்சினன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. துணி இப்போதும் நாற்காலியில்தான் கிடக்கிறது என்று அவன் மனைவி போனில் சொல்கிறாள். பேக்கேஜ் கட்டுவதை அவன் விடவில்லை. அந்தச் சர்வர் இப்போது எங்கெங்கே ஓடுகிறது என்று அவனுக்கே தெரியாது. எடுத்துக்கொள்கிறவர்கள் சொல்லிக்கொண்டா போகிறார்கள். எங்கே ஓடினாலும் அது சாத்தியபடிதான் போய்ச் சேர்கிறது. புகார் வருகிறது. திறக்கவில்லை, வேலை செய்யவில்லை என்று எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் எழுதுகிறான். முன்பெல்லாம் ஒரு கேள்வி வந்தால் முகம் சுருங்கும். இப்போது, "இன்னைக்கு மூணு பேரு கேட்டாங்க மாமா" என்று சந்தோஷமாகச் சொல்கிறான். நான் இங்கே புதிய இடங்களுக்குப் பெட்டி வைக்கிறேன். தமிழில் அந்தக் கேள்வி வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து இடத்துக்காரரை உட்காரச் சொல்கிறேன். அவர் அடிக்கும்போது சுவரைப் பார்க்கிறேன். என் வயதில் இப்படி ஒரு வேலை கையில் இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு காலை டிஸ்பென்சரியிலிருந்து போன் வந்தது. மருந்து ஜன்னல் பக்கம் பிளக் பாயின்ட் புகைகிறது என்று. போய் மாற்றினேன். முடித்துவிட்டுக் கை கழுவி வந்தபோது சிஸ்டர் மேசையில் ஒரு மஞ்சள் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரை சாப்பிட்ட நாளுக்கு ஒரு கோடு போடுகிற அட்டை. நடுவில் ஓர் இடத்தில் ஐந்து கட்டம் காலியாக இருந்தது. அந்த ஐந்தைக் கடைசியில் தனியாகச் சேர்த்து எழுதியிருந்தார்கள். அட்டையின் மேல் பக்கம் பெயர் இருக்கும். அதன் மேல் சிஸ்டர் கட்டைவிரலை வைத்து மறைத்திருந்தார். அட்டையை என் பக்கம் திருப்பினார், விரலை எடுக்காமல். "எண்ணுப்பா. எனக்கு ரெண்டு தடவை சரியா வந்துச்சு. நீயும் ஒரு தடவை எண்ணு" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். அட்டைக் கணக்கில் ஆறு மாதம் என்றால் இருபத்து நான்கு வாரம், வாரத்துக்கு ஏழு நாள். கோடு ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.

நூற்று அறுபத்தெட்டு.